சிவனொளிபாதமலையும் கீழ்முற்றத்து மக்களும்

கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் சிலரும், உயர்வகுப்பு மாணவர் சிலரும் சேர்ந்து, சென்ற மாசி மாதத்தில் சிவனொளிபாதமலைக்குப் போய்வருவதென்று முடிவு செய்தோம். செய்தி பரவியதும் நெருங்கிய தோழர் ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். "சமுதாய மாற்றம் பேசுகிறவர்களுக்கு மலையாத்திரை எதற்கு? பாவம் தீர்க்கவா?" என்று கேட்டார். கேள்வி வேடிக்கையாகக் கேட்கப்பட்டதுதான். எனினும் அதற்கு விடை கூறாமல் விட்டுவிடுவது முறையன்று.

வரலாற்று மாணவன் கோயில்களை ஒதுக்கிவிட முடியாது. அரசன் விட்ட மானியம், குடியானவன் செலுத்திய வரி, சாதிக்கு வகுத்த எல்லை, படையெடுத்து வந்தவன் அடித்த கொள்ளை ஆகிய யாவும் நம் நாட்டில் பெரும்பாலும் கோயிற் கல்லிலேதான் எழுதப்பட்டிருக்கின்றன. பக்தன் அக்கல்லின் முன் கைகூப்பி நிற்கிறான். அதில் எழுதியிருப்பதைப் படிப்பது நம் கடமை. அதற்கும் மேலாக, நம் மாணவர்களின் பாட்டன்மாரும் பாட்டிமாரும் ஏறிய மலை இது. அவர்கள் ஏன் ஏறினார்கள், அம்மலையில் அவர்களுக்கு என்ன இடம் கொடுக்கப்பட்டது என்பவற்றைப் பாடப்புத்தகம் கூறுவதில்லை. அதைத் தேடியே நாம் புறப்பட்டோம்.

*

சிவனொளிபாதமலை கடல்மட்டத்துக்கு மேல் 7,359 அடி உயரமானது. இலங்கையின் மலைகளில் உயரத்தால் முதலாவது பிதுருதலாகலை. ஆனால் கூம்பாகத் தனித்து எழுந்து, கடலிற் செல்லும் மாலுமிக்கும் தெரியும்படி நிற்பது சிவனொளிபாதமே. களனி, களு, வளவை ஆகிய ஆறுகள் இம்மலைத்தொடரிலேதான் பிறக்கின்றன. சிகரத்தில் கோபுரமுமில்லை, ஆயிரங்கால் மண்டபமுமில்லை. பாறையில் பாதவடிவமான ஒரு பள்ளம், அதன்மேல் ஒரு சிறு கூரை, அருகில் சமன் தெய்வத்தின் சந்நிதி, ஒரு மணி. இவ்வளவுதான். இந்தப் பள்ளத்துக்குத்தான் உலகத்துச் சமயங்கள் பல உரிமை கொண்டாடியிருக்கின்றன.

பௌத்தர்களுக்கு அது புத்தர் பாதம். மலையின் பெயர் ஸ்ரீபாத. சைவர்களுக்குச் சிவன் பாதம். முஸ்லிம் மக்களுக்கு, சுவர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதி மனிதர் கால் பதித்த பாவா ஆதம் மலை. போர்த்துக்கேயர் காலத்துக் கிறிஸ்தவர் சிலர் புனித தோமையாரின் பாதமென்றனர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீன யாத்திரிகர் பாஹியான், மலையுச்சியிலுள்ள பாதத்தைக் குறிப்பிடுகிறார். தமிழ்ப் பௌத்த காப்பியமான மணிமேகலையும் இம்மலையை அறிந்திருக்கிறது. அது இம்மலைக்குத் தரும் பெயர் சமனொளி என்பதாகும். சிங்கள மக்கள் வழங்கும் சமனல என்னும் பெயரையும், நாம் வழங்கும் சிவனொளி என்னும் பெயரையும் அதனோடு சேர்த்து ஒலித்துப் பாருங்கள். ஒரே சொல்லையே இரு மொழியாரும் தத்தம் நாவுக்கும் நம்பிக்கைக்கும் ஏற்ப வழங்கிவந்தனர் என்று கருத இடமிருக்கிறது. தமிழர் பௌத்தராகவும் இருந்த காலமொன்று உண்டு. அவர்களுக்கும் இது புண்ணிய மலையாக இருந்தது. இன்று இனத்தையும் சமயத்தையும் ஒன்றாகக் கட்டி, இந்த மலை இந்த இனத்துக்கு என்று வாதாடுவோர் இரு பக்கத்திலும் இருக்கின்றனர். அவர்கள் முதலில் மணிமேகலையைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

*

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாகக் கரவனெல்லைக்கு இறங்கிய நாம், மலைப்பாதையில் உடனே திரும்பிவிடாமல், முதலில் அவிசாவளைக்குச் சென்றோம். அவிசாவளை இன்று கொழும்பு மாவட்டத்துக்குள் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் அது சீதாவாக்கை என்ற பெயரோடு ஓர் அரசின் தலைநகராக இருந்தது. 1521-இல் கோட்டை இராச்சியம் மூன்று சகோதரர்களுக்கிடையே துண்டாடப்பட்டபோது சீதாவாக்கையைப் பெற்றவன் மாயாதுன்னை. அவன் மகன் முதலாம் இராஜசிங்கன். போர்த்துக்கேயரை முல்லேரியாவிலே முறியடித்தவனும், 1587–88 ஆம் ஆண்டுகளில் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டு ஏகாதிபத்தியத்தை நடுங்கவைத்தவனும் இவனே.

சீதாவாக்கை ஆற்றங்கரையில் மேடான ஓரிடத்தில் பெரெண்டிக் கோயில் என்னும் இடிபாடு இருக்கிறது. பைரவர் பெயரே மருவி இவ்வாறு ஆயிற்றென்பர். கேகாலை மாவட்டத்துத் தொல்பொருள்களை ஆராய்ந்து விரிவான அறிக்கை எழுதிய எச்.சி.பி. பெல் இதனையும் ஆராய்ந்திருக்கிறார். திராவிட முறையில் வரிவரியாகச் செதுக்கிய கருங்கல் அடித்தளம் இன்றும் உறுதியாக நிற்கிறது. மேலே கூரையில்லை, கருவறையில் தெய்வமுமில்லை. இராஜசிங்கன் கட்டத் தொடங்கி முடியாமற் போன சைவக் கோயில் இது என்று மரபு கூறுகிறது. மாணவர்கள் கல்லைத் தடவிப் பார்த்தார்கள். சிங்கள அரசன் ஒருவன் சைவக் கோயில் கட்டினானா என்று ஒரு மாணவி வியப்போடு கேட்டாள். அந்தக் கேள்வியே நம்மைச் சிவனொளிபாதத்துக்கு அழைத்துச் சென்றது.

மகாவம்சத்தின் பிற்பகுதி கூறும் கதை இது. இராஜசிங்கன் தன் தந்தையைக் கொன்றான். பாவம் தீர வழியுண்டா என்று பிக்குகளைக் கேட்டான், இல்லையென்றனர். சைவரைக் கேட்டான், உண்டு என்றனர். அவன் உடலெங்கும் நீறு பூசிச் சைவனானான். பிக்குகளைக் கொன்றான், ஏடுகளை எரித்தான். புனித மலையைப் பொய்ச்சமயத் துறவிகளிடம் ஒப்படைத்து, அங்கு வரும் இலாபமனைத்தையும் அவர்களே எடுத்துக்கொள்ளும்படி செய்தான். சிவனொளிபாதத்தில் ஆண்டிகள் அமர்ந்த வரலாறு இதுதான்.

கதையை நாம் அப்படியே விழுங்கிவிட வேண்டியதில்லை. மாயாதுன்னை அறுபது ஆண்டுக் காலம் ஆண்டு, முதுமையடைந்து, 1581-இல் மறைந்தவன். தந்தைக் கொலையை ஐயுறும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. மேலும், ஏறத்தாழ இரு நூற்றாண்டு கழித்து, கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் ஆட்சியில், அவன் ஆதரவு பெற்ற பிக்குகளின் கையால் எழுதப்பட்ட பகுதி இது. எழுதியவர் யார், எந்த அவையிலிருந்து எழுதினார் என்று கேட்பது வரலாற்று மாணவனின் முதற்பாடம். ஆனால் அந்த நூலாசிரியர் தம்மையறியாமலே ஓர் உண்மையைக் கூறிவிட்டார். இலாபம் என்ற சொல்லைத்தான் குறிப்பிடுகிறோம். யாத்திரிகர் படைக்கும் காசும் நெல்லும் எவர் பெட்டகத்துக்குச் செல்ல வேண்டும்? பாதம் யாருடையது என்ற தெய்வீக வழக்கின் அடியில் இந்த உலகியல் வழக்கு படுத்திருந்தது. போர்த்துக்கேயரோடு இடைவிடாது பொருத அரசனுக்குப் பொருள் வேண்டியிருந்தது. பெரும் நிலமும் செல்வாக்கும் வாய்ந்த மடங்களோடு அவன் மோதியதற்கு மதம் மட்டுமே காரணமென்று கருதுவது சிறுபிள்ளைத்தனமாகும்.

இனி மறுபக்கம் பாருங்கள். ஆண்டிகளிடமிருந்து மலையை மீட்டுப் பௌத்த சங்கத்திடம் கொடுத்தவன் அதே கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். 1747 முதல் 1782 வரை ஆண்ட இவன் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் குலத்தவன். சைவக் குடும்பத்திலே பிறந்தவன். திருநீறு பூசுவதை விடாதவன் என்று குறை கூறியவர்கள் அவன் அவையிலேயே இருந்தனர். 1760-இல் அவனைக் கொல்லச் சதியும் செய்தனர். சிங்கள அரசன் மலையைச் சைவருக்குக் கொடுத்தான். தென்னாட்டிலிருந்து வந்த சைவக் குலத்து அரசன் அதைப் பௌத்தருக்குத் திருப்பினான். இன வரலாறு எழுதுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே விளக்க முடியாமல் ஒன்றை மறைத்துவிடுகின்றனர். ஆட்சிக்கு எவருடைய துணை வேண்டியிருந்ததோ அவரிடமே மலை சென்றது என்று கொண்டால் இரண்டும் விளங்கும்.

மன்னர்களின் கை மாறியபோதெல்லாம் மலையேறிய குடிமக்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். வழக்கில் அவர்களை யாரும் சாட்சியாக அழைக்கவில்லை.

*

அவிசாவளையிலிருந்து திரும்பிக் களனி ஆற்றை எதிர்த்து மேலே சென்றால் எட்டியாந்தோட்டை. சாலையின் இரு மருங்கிலும் இறப்பர். உயரம் ஏற ஏறத் தேயிலை. இந்த மலைச்சரிவுகள் ஒரு காலத்தில் அடர்ந்த காடுகள். 1815-இல் கண்டி இராச்சியம் பிரித்தானியரின் கைக்குப் போயிற்று. 1840-ஆம் ஆண்டுக் காணிச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கியது. தலைமுறைகளாகச் சேனை பயிரிட்ட கிராமத்தான் பத்திரத்துக்கு எங்கே போவான்? அந்நிலம் வெள்ளைத் துரைமாருக்கும், பணம் படைத்த உள்ளூராருக்கும் விற்கப்பட்டது. கோப்பி வந்தது. 1869-இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது; தேயிலை வந்தது; கேகாலையின் தாழ்ந்த சரிவுகளில் பின்னர் இறப்பர் வந்தது.

காட்டை வெட்டியவன் யார்? திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய இடங்களிலிருந்து பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் துரத்த, கங்காணியின் பின்னால் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்த மக்கள். வழியிலே விழுந்தவருக்குக் கல்லறை இல்லை. வந்து சேர்ந்தவருக்கு லயத்தில் ஓர் அறையும், கங்காணியின் கணக்கேட்டில் ஒரு கடனும் காத்திருந்தன. அந்த மக்கள் தமக்குத் தெரிந்த தெய்வங்களை லயத்துக்கருகே கல்லாக நட்டார்கள்; தலைக்கு மேலே தெரிந்த மலையைச் சிவன் மலையென்று கும்பிட்டார்கள். நிலமிழந்த சிங்களக் கிராமத்தானும், நிலமே இல்லாமல் வந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே மலையின் அடியில் அயலவராயினர். ஒருவரை ஒருவர் பகைவரென்று நம்பவைப்பது துரைக்கு வசதியாக இருந்தது.

அந்த நம்பிக்கையை உடைக்க முயன்ற வரலாறும் இதே கேகாலை மண்ணுக்கு உண்டு. 1934–35 ஆம் ஆண்டுகளில் மலேரியா இத்தீவைச் சூறையாடியபோது மிகக் கொடிய அடி கேகாலை மாவட்டத்துக்கே விழுந்தது. நாடெங்கும் எண்பதினாயிரம் பேரளவில் இறந்தனர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. வறட்சியும் பட்டினியும் முன்னரே வாட்டியிருந்த ஏழைக் குடிகளே பெரிதும் மாண்டனர். அந்நாளில் சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு கேகாலைக் கிராமங்களுக்குள் நுழைந்தனர். அவர்களே 1935-இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தவர்கள். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேராவை 1936-இல் ருவன்வெல்லை மக்கள் அரசாங்க சபைக்கு அனுப்பினர். பக்கத்து அவிசாவளையிலிருந்து பிலிப் குணவர்த்தனா தெரிவானார். தோட்டமும் கிராமமும் ஒரே கொடியின் கீழ் நிற்கும் என்று அன்று நம்பியவர்கள் ஏமாளிகளல்லர். அதற்கான காட்சியை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள்.

அதனால்தான் அடி விழுந்தது. சுதந்திரம் பெற்ற அதே 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையைப் பறித்தது. இடதுசாரிகள் பாராளுமன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்தனர். அது அவர்களின் புகழுக்குரிய பக்கம். ஆனால் புகழுரை மட்டும் எழுதுவது வரலாறாகாது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அம்மக்களை ஒரு வார்த்தை கேளாமலே பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். 1964-இல் அந்த அரசாங்கத்தின் நிதியமைச்சர் யார்? எட்டியாந்தோட்டையின் பிரதிநிதியாக இருந்த அதே என். எம். பெரேராதான். மலேரியாக் காலத்தில் குடிசை குடிசையாக ஏறி இறங்கிய தலைவர், வாக்கில்லாதவருக்காகப் பதவியைத் துறக்கவில்லை. இதை எட்டியாந்தோட்டைச் சந்தியில் நின்று மாணவர்களுக்குச் சொல்வது நமக்கு எளிதாக இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால், மகாவம்ச ஆசிரியரைக் குறைகூற நமக்கு என்ன தகுதி இருக்கும்?

*

கித்துல்கலையைத் தாண்டிக் கினிகத்தேனைக்கு ஏறும் பிரதேசம் அம்பகமுவைக் கோரளை. பழைய யாத்திரைப் பாதையொன்று இவ்வழியே சென்றது. இங்கே அம்பகமுவையில்தான் முதலாம் விஜயபாகுவின் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. 1070-இல் சோழரைப் பொலன்னறுவையிலிருந்து வெளியேற்றிய மன்னன் இவன். மலைக்குச் செல்லும் யாத்திரிகர் படும் துன்பத்தைக் கண்டு இரங்கி, கிலிமலை முதலிய ஊர்களை அவர்களின் உணவுக்காக விட்டவன். அவனுக்குப்பின் நிசங்கமல்லன் படையோடு சென்று வணங்கினான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சன் தேவபதிராசன் இந்தப் பாதையில் பாலங்களும் தங்குமடங்களும் அமைத்தான். இவையாவும் பாடப்புத்தகத்தில் உள்ளவை.

பாடப்புத்தகத்தில் இல்லாதது ஒன்று அக்கல்வெட்டில் இருக்கிறது. பாதத்தைச் சுற்றியுள்ள முற்றத்துக்குக் கீழே, தாழ்ந்த குலத்தவர் நின்று வணங்குவதற்கென்று வேறொரு முற்றத்தை மன்னன் அமைத்தான் என்று அது கூறுகிறது.

இதைக் கேட்டபோது நம் மாணவர்கள் சிறிது நேரம் பேசவில்லை. மன்னன் இதைக் கொடுமையாக எண்ணிச் செய்யவில்லை. தருமமாகவே எண்ணிச் செய்தான், கல்லிலும் பொறித்தான். மேலே வரக்கூடாதவனுக்குக் கீழே ஓர் இடமாவது கிடைத்ததே என்று அக்காலத்தார் அவனை வாழ்த்தியிருக்கவும் கூடும். நிலப்பிரபுத்துவச் சமுதாயத்தின் கருணை இப்படித்தான் இருக்கும். ஏழைக்கு இடம் கொடுக்கும். எந்தப் படியில் என்பதைத் தானே தீர்மானிக்கும். எல்லாப் புண்ணியமும் துறந்தவர் பாதத்தின் அருகிலேயே பிறப்புக்கு அளவுகோல் வைத்த விந்தையைப் பார்த்து, பௌத்தத்தை ஏளனம் செய்ய நம்மவர் விரைய வேண்டாம். தென்னாட்டுக் கோயில்களில் கீழ்முற்றம்கூட இருக்கவில்லை, தெருவிலேயே தடுத்தனர். தோட்டத்து லயங்களையும் சாதி பார்த்துத்தான் பிரித்தனர். தோட்டக் கோயிலின் முதல் மரியாதை பெரிய கங்காணிக்குத்தான் சென்றது. கீழ்முற்றம் எல்லா இனத்திலும் கட்டப்பட்டிருக்கிறது.

இன்னொரு சான்றையும் இங்கே நினைவுகூர்வோம். 1344-இல் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பத்தூத்தா புத்தளத்தில் வந்திறங்கினார். யாழ்ப்பாணத்து மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியை அங்கே சந்தித்தார். பாவா ஆதத்தின் பாதத்தைக் காண விரும்புவதாக முஸ்லிம் யாத்திரிகர் கூற, சைவ மன்னன் உடனே வேண்டியன செய்தான். ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசிக்கும் வழக்கமுடைய யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், வேறு பதின்மரையும் துணைக்கு அனுப்பினான். ஏறுவதற்குப் பல்லக்கு, அதைச் சுமக்க அடிமைகள், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து ஆட்கள். மலையில் இரு பாதைகள் உண்டென்றும், கடினமானது ஆதத்தின் பாதை, எளியது ஏவாளின் பாதை என்றும் அவர் எழுதினார். பாறையில் பொருத்திய சங்கிலிகளையும், பதினொரு சாண் நீளமான பாதத்தையும் வியந்து எழுதினார்.

சமயப் பொறைக்கு எடுத்துக்காட்டாக இச்செய்தியைப் பலர் காட்டுவர், காட்டத்தக்கதே. ஆனால் பல்லக்குச் சுமந்த அடிமைகளும் மூட்டை சுமந்த பதினைந்து பேரும் என்ன தெய்வத்தை வணங்கினர், பாதத்தை அருகில் சென்று கண்டனரா, அல்லது கீழ்முற்றத்திலேயே மூட்டையை இறக்கி வைத்து நின்றனரா என்பதை இபுன் பத்தூத்தா எழுதவில்லை. எண்ணிக்கையை மட்டும் எழுதினார். 1964-இலும் எண்ணிக்கையைத்தான் எழுதினார்கள்.

*

மஸ்கெலியாவை மாலையில் அடைந்தோம். இன்று நாம் காணும் மஸ்கெலியா பழைய நகரமன்று. 1969-இல் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டி முடிந்தபோது பழைய நகரம் நீருக்குள் சென்றது. வறட்சிக் காலத்தில் நீர் வற்றினால், மூழ்கிய இந்துக் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து தலைகாட்டும். வேற்றுமை பாராமல் மூன்றையும் நீர் விழுங்கியது. அந்த நீரால் பிறந்த மின்சாரம் கொழும்பை ஒளிரச் செய்தபோதும், அணைக்கருகே இருந்த லயங்கள் பல நெடுங்காலம் குப்பிவிளக்கோடுதான் இருந்தன.

நல்லதண்ணியிலிருந்து இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கினோம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். மின்விளக்கு வரிசை மலைமேல் வளைந்து வளைந்து சென்று முகிலுக்குள் மறைந்தது. சீதகங்குலை ஆற்றில் சிலர் குளித்தனர்; சிலர் முகம் மட்டும் கழுவினர். இந்திக்கட்டுப்பானையில் ஊசியில் நூல் கோத்து விட்டுச் சென்றனர். சிங்களக் குடும்பங்கள் தேவனை வாழ்த்திப் பாடிக்கொண்டே ஏறின. பின்னால் ஏறிய தோட்டத்து இளைஞர் அரோகரா போட்டனர். இறங்கி வந்தோர் ஏறுவோருக்கு நல்வாக்குச் சொன்னார்கள். எந்த மொழிக்காரர் என்று பார்த்துச் சொல்லவில்லை. நம் கூட்டத்திலே மூச்சிரைத்து உட்கார்ந்த ஆசிரியர் ஒருவருக்கு, முன்பின் அறியாத சிங்கள மூதாட்டி ஒருத்தி தன் போத்தலிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். எனினும் இதைக் கண்டு எல்லாம் நலமென்று பாட நாம் வரவில்லை. 1977-இலும், 1981-இலும், 1983-இலும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரின் லயங்கள் எரிந்தன. ஒன்றாக மலையேறிய மக்களை அடிவாரத்தில் பிரித்துவிட முடியும் என்பதற்கு அதுவே சான்று. பிரிக்கிறவன் மலையேறுகிறவனல்லன்.

நள்ளிரவுக்குமேல், சீமெந்துப் படிகளில் நம்மைக் கடந்து சில இளைஞர் சென்றனர். முதுகில் மா மூட்டை, சீனி மூட்டை, எரிவாயுச் சிலிண்டர். மேலேயுள்ள தேநீர்க் கடைகளுக்குச் சுமக்கிறார்கள். பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள். அவர்களுள் ஒருவன் இரு ஆண்டுக்கு முன் பாடசாலையை விட்டவன். இபுன் பத்தூத்தாவின் பதினைந்து பேரைப் பற்றி அன்று பகலில் கேட்ட மாணவர்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தனியாக வந்திருந்த முதிய தாய் ஒருவர் நம்மோடு சேர்ந்துகொண்டார். ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி. மலையேற வந்தால் ஒரு நாள் பேர் போய்விடுமே என்று வேலை செய்த காலத்தில் அதிகம் வந்ததில்லையாம். இது ஏழாவது முறை. ஏன் இந்த வயதில் தனியாக என்று கேட்டோம்.

"எங்க அண்ணன் அஞ்சு தரம் ஏறுனாரு ஐயா. அஞ்சாந் தரம் ஏறும்போதே பாஸ்போட்டு வந்திருச்சு. அடுத்த மாசமே அழுகைக் கோச்சியில ஏறிட்டாரு. கூடலூர்ப் பக்கம் தோட்டத்துல இருந்தாரு. அங்கேயே போய்ச் சேந்துட்டாரு. எனக்கு இங்க, அவருக்கு அங்கன்னு எழுதிப்புட்டாங்க. ஒரே வயித்துல பொறந்தவங்க ஐயா."

அழுகைக் கோச்சி என்பது மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்துக்கு மக்களே இட்ட பெயர். அங்கிருந்து கப்பல் இராமேசுவரத்துக்குச் செல்லும். பிறந்த மண்ணைவிட்டு, பாட்டன் ஓடிவந்த மண்ணுக்கு, அகதியென்ற பெயரோடு திரும்பியவர்களுள் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கும் வேலையே கிடைத்தது. கடலைக் கடந்தும் கூடை மட்டும் மாறவில்லை.

விடியற்காலையில் உச்சியை அடைந்தோம். சிகரத்து முற்றத்துக்குச் சிங்களத்தில் உடமலுவ என்று பெயர். மேல்முற்றம் என்பதே பொருள். இன்று அங்கே குலம் கேட்டு எவரையும் கீழே நிறுத்துவதில்லை. இந்த மாற்றம் தானாக வந்ததன்று. நாள்தோறும் ஏறிய மக்கள் காலால் அழித்த எல்லை அது. எத்தனை முறை மலையேறினாரோ அத்தனை முறை மணியை அடிப்பது அங்குள்ள வழக்கம். அந்தத் தாய் ஏழு முறை அடித்தார். சிறிது நின்று, எட்டாவதாக ஒரு முறை அடித்தார். வரிசையில் நின்ற சிங்கள இளைஞன் கணக்குத் தவறிவிட்டதென்று எண்ணிப் புன்னகை செய்தான். நாம் அவரைப் பார்க்காமல் கிழக்கே பார்த்தோம். கதிரவன் எழுந்தது. மேற்கே, பள்ளத்தாக்குகளின்மேல், மலையின் முக்கோண நிழல் நெடுந்தூரம் விழுந்து கிடந்தது. நாம் கடந்து வந்த ஊர்களுள் சில அந்தத் திசையிலேதான் இருந்தன.

*

2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. சட்டத்தின்படி அவர்கள் இன்று மேல்முற்றத்தில் நிற்கிறார்கள். ஆனால் நடைமுறை எப்படி? நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக உழைத்த மண்ணில் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாத குடும்பங்களே தோட்டங்களில் மிகப் பல. 2016 மே மாதப் பெருமழையில் அரநாயக்கையில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தபோது, நாம் பயணம் தொடங்கிய புளத்கொஹுபிட்டியப் பக்கத்திலும் தோட்டக் குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. சரிவின் ஆபத்தான ஓரத்தில் எவன் லயம் கட்டினானோ அவன் அந்த லயத்தில் ஒரு நாளும் படுத்தவனல்லன். விஜயபாகு தாழ்ந்தவருக்கென்று வகுத்த முற்றம் கல்வெட்டில் மட்டும் இல்லை. நிலத்திலும், வீட்டிலும், கூலியிலும், பாடசாலையிலும் அது இன்னும் இருக்கிறது.

நம்மைக் கேலி செய்த தோழருக்கு இதுவே நம் விடை. பாதம் புத்தருடையதா, சிவனுடையதா, ஆதத்துடையதா என்ற வழக்கில் தீர்ப்புக் கூற நாம் போகவில்லை. அந்த வழக்கை நடத்தியவர் அரசரும் குருமாரும். அதன் பயன் அவர்களுக்கே சென்றது. பாதை வெட்டியவன், பல்லக்குச் சுமந்தவன், காட்டை அழித்துத் தேயிலை நட்டவள், கப்பலேற்றப்பட்டவன் ஆகியோருக்கு அம்மலையில் என்ன இடம் கொடுக்கப்பட்டது என்று கேட்கவே சென்றோம். அந்தக் கேள்வியைச் சிங்கள மாணவனும் தமிழ் மாணவனும் சேர்ந்து கேட்க முடியும். கீழ்முற்றத்தில் நின்றவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள்.

திரும்பி வந்தபின் மாணவர்கள் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். தத்தம் லயத்து முதியவரிடம் சென்று, எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், யார் எந்த ஆண்டு கப்பலேறினார்கள், மலைக்கு எத்தனை முறை ஏறினீர்கள் என்று கேட்டுக் கொப்பியில் எழுதி வருகிறார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பாடசாலை மாணவர் சிலரும் தங்கள் பாட்டன்மாரிடம் மலேரியாக் காலத்தைப் பற்றிக் கேட்டெழுத இசைந்திருக்கிறார்கள். முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே இது ஆற அமரச் செய்யும் வேலையன்று. ஏனைய மாவட்டங்களிலுள்ள ஆசிரிய நண்பர்களும் மாணவத் தோழர்களும் தத்தம் ஊரில் இதனைத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். கல்வெட்டு எழுத அவர்களுக்கு அரசர் எவரும் இல்லை, கொப்பிகள் இருக்கின்றன.